வெள்ளத்தின் நாள் தெரிந்த மீன்கள்

2022 ஜூலையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணைக்குச் சில மைல் கீழே, ஆற்றோரத் தேக்கம் ஒன்றில் தேசியப் பூங்காச் சேவைப் பணியாளர்கள் வலையிட்டபோது மீன்குஞ்சுகள் சிக்கின. அவை ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீனின் குஞ்சுகள். பெரிய பாஸ் ஒன்றிரண்டு அணையின் விசையாழிகளைத் தாண்டிப் பிழைத்து வந்து சேர்வது முன்பும் நடந்ததுதான். குஞ்சு கிடைத்ததன் பொருள் வேறு. அந்த மீன் அணைக்குக் கீழே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கிவிட்டது என்பதே அது.

அணை அறுபது ஆண்டுகளாக அங்கேதான் நிற்கிறது. மாறியது அணைக்குப் பின்னால் இருக்கும் பவல் ஏரியின் மட்டம். 2000 முதல் நீண்ட வறட்சியில் ஏரி இறங்கிக்கொண்டே வந்தது. மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் குழாய்வாய்கள் அணைச் சுவரில் ஒரே உயரத்தில் பதிக்கப்பட்டவை. ஏரி முழுக்க நிரம்பியிருந்தால் அவை 230 அடி ஆழத்தில் கிடக்கும். வெயில் எட்டாத அந்த ஆழத்து நீர் ஆண்டு முழுவதும் சில்லென்று இருக்கும். 2022 கோடையில் குழாய்வாய்க்கு மேலே சுமார் 70 அடி நீர்தான் நின்றது. வெயிலில் காய்ந்த மேல்நீர் குழாய்க்குள் இறங்கியது. மேல்நீரில் திரியும் பாஸ் மீன்களும் அதோடு வந்தன. கீழே ஆறு, பாஸ் முட்டையிடும் அளவுக்கு வெதுவெதுப்பாகிவிட்டது.

இத்தனைக்கும் அந்த ஆற்றின் சொந்த மீன்களுக்கு நாற்பது ஆண்டுக் காலம் எமனாக இருந்தது குளிர்ந்த நீர்தான். நீர் சூடாக வேண்டும் என்று உயிரியலாளர்கள் ஏங்கியிருந்தார்கள். சூடானபோது, அதுவே பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதை புரியாது. எந்தப் பருவத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குகிறது என்பதுதான் ஓர் ஆற்றில் எந்த மீன் வாழும், எது போகும் என்று தீர்மானிக்கிறது. உலகின் எந்த ஆற்றிலும் இந்த உண்மை கொலராடோவில் போல இவ்வளவு விரிவாகச் சோதித்துப் பார்க்கப்பட்டதில்லை என்றே சொல்லலாம்.

அணைக்கு முந்திய கொலராடோ ஒரு முரட்டு ஆறு. ராக்கி மலைகளின் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் விநாடிக்கு 85,000 கனஅடி வெள்ளம் அங்கே சாதாரணம். 1884இல் இரண்டு லட்சம் கனஅடியைத் தாண்டியதாக மதிப்பிடுகிறார்கள். பனிக்காலத்தில் அதே ஆறு சில ஆயிரம் கனஅடிக்குச் சுருங்கும். நீரின் வெப்பம் உறைநிலையிலிருந்து கோடையில் 29 டிகிரி செல்சியஸ் வரை போகும். நிறமோ செம்மண் குழம்பு. இந்த அட்டகாசத்தைத் தாங்கும் மீன்கள் குறைவு. இன்றைய அணைக்குக் கீழே உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் சொந்த மீனினங்கள் மொத்தமே எட்டுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெந்த ஆற்றுத் தொகுதியிலும் இல்லாதவை. ஆறடி வரை வளர்ந்த பைக்மின்னோ என்ற வேட்டை மீன் அதில் ஒன்று. இன்னொன்று, தலைக்குப் பின்னால் திமில் எழுந்து நிற்கும் ஹம்பேக் சப். பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் நீரில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய இந்தத் திமில் மீன் 1946இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதற்குப் பதினேழே ஆண்டுகளில் அதன் ஆறு மாறிப்போயிற்று.

1963 மார்ச்சில் கிளென் கேன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டன. வண்டல் ஏரியில் படிந்தது. கீழே தெளிந்த, பச்சை நிற நீர் வந்தது. ஏரி நிறைய நிறைய, கோடையிலும் பத்து டிகிரியை ஒட்டிய குளிர் நிலைத்தது. பனியுருகும் பெருவெள்ளம் நின்றது. 1964இல் அணைக்குக் கீழே ரெயின்போ டிரௌட் விடப்பட்டது. நீலகிரியின் அவலாஞ்சியில் பொரித்து வளர்க்கப்படும் அதே குளிர்நீர் மீன். அதற்கு இந்தப் புதிய ஆறு சொர்க்கமாயிற்று. சொந்த மீன்களில் நான்கு கிராண்ட் கேன்யனிலிருந்து மறைந்தன. அவற்றில் ரேசர்பேக் சக்கர் மட்டும் 2012இல் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் மறுபடி தென்பட்டது.

திமில் சப் பிழைத்தது ஒரு துணையாற்றின் தயவால். அதன் முட்டை பொரியவும் குஞ்சு தேறவும் நீர் 16 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். முதன்மை ஆற்றில் அந்தச் சூடு இல்லை. ஆனால் பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில் வந்து சேரும் லிட்டில் கொலராடோ துணையாற்றின் கீழ்ப்பகுதியில் நீர் இன்றும் வெதுவெதுப்பாகவே ஓடுகிறது, இளவேனிலில் இயல்பான வெள்ளமும் வருகிறது. சப் அங்கே போய் முட்டையிட்டது. குஞ்சுகள் மழைவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு முதன்மை ஆற்றில் விழுந்தால் குளிரில் விறைத்துப்போகும். விறைத்ததை டிரௌட் கவ்வும். ஓர் இனத்தின் மொத்த எதிர்காலமும் ஒரு துணையாற்றின் சில மைல் நீளத்தில் தொங்கியது.

குளிரும் வெள்ளமின்மையும் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். மூன்றாவது மாற்றத்தின் முழு விளைவு புலப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. மின்சாரத்தின் தேவை பகலில் ஏறும், நள்ளிரவில் விழும். அதற்கேற்ப அணை நீரைக் கூட்டியும் குறைத்தும் விட்டது. 1990களில் கட்டுப்பாடு வரும்வரை, ஒரே நாளில் ஆற்று மட்டம் 13 அடி வரைகூட ஏறி இறங்கியது. கடலே இல்லாத பாலைவனத்தின் நடுவில் அன்றாடம் ஓர் ஓதம். கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அது நிற்கவில்லை, தணிந்தது மட்டுமே.

மீனின் இரை நீர்ப்பூச்சிகள். கிராண்ட் கேன்யன் ஆற்றில் ஈசல் போன்ற மே ஈக்கள், கல் ஈக்கள், கூடுகட்டும் கேடிஸ் ஈக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. மிட்ஜ் எனும் சிறு கொசுவகையும் கருப்பு ஈயும்தான் மீனுக்கு வாய்த்த உணவு. ஏன் என்று தேட, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தியோடர் கென்னடியும் சகாக்களும் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். பள்ளத்தாக்கில் படகு விடும் வழிகாட்டிகளிடம் ஒரு சிறு விளக்கும் ஒரு தட்டில் சாராயமும் கொடுத்தனுப்பினார்கள். முகாமிடும் இடத்தில் அந்தியில் ஒரு மணி நேரம் விளக்கை ஏற்றி, விழுந்த பூச்சிகளைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவர வேண்டும். இப்படி 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

அணையிலிருந்து கிளம்பும் அன்றாட ஓதம் பள்ளத்தாக்கின் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் எட்டுவதில்லை. ஓரிடத்தில் அந்தியில் நீர் இறங்கியிருக்கும், பல மைல் தள்ளி அதே அந்தியில் ஏறியிருக்கும். பூச்சி மாதிரிகளிலும் அதே அலை தெரிந்தது. அந்தியில் நீர் தாழ்ந்திருக்கும் இடங்களில் மிட்ஜ் மிகுதி, உயர்ந்திருக்கும் இடங்களில் குறைவு. காரணம் முட்டை. பெரும்பாலான நீர்ப்பூச்சிகள் அந்தியில், நீர்விளிம்பை ஒட்டிய கல்லிலும் கோரையிலும் முட்டையை ஒட்டவைக்கின்றன. உயர்நீரின் விளிம்பில் இட்ட முட்டை சில மணி நேரத்தில் வெயிலில் காய்ந்து சாகிறது. தாழ்நீரின் விளிம்பில் இட்டது நனைந்தே இருந்து பொரிகிறது. மே ஈ, கேடிஸ் இனங்களில் பல விளிம்பைத் தவிர வேறெங்கும் இடத் தெரியாதவை. எனவே அவை ஏறக்குறைய அடியோடு போயின. 2016இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அதிலிருந்து பிறந்த பரிகாரம் எளிமையானது. மின்தேவை குறைவான சனி, ஞாயிறுகளில் நீரைத் தாழ்த்தி ஏற்ற இறக்கமின்றி விட்டால் என்ன? அந்த இரண்டு நாள் இட்ட முட்டைகள் பிழைக்கும். 2018 மே முதல் ஆகஸ்ட் வரை அப்படியே செய்து பார்த்தார்கள், பிறகு வந்த சில ஆண்டுகளிலும் செய்தார்கள். ஆண்டு முழுவதும் அணை விடும் மொத்த நீரில் ஒரு சொட்டும் கூடவில்லை. வார நாளுக்கும் வார இறுதிக்கும் இடையே நீர் மாற்றிப் பங்கிடப்பட்டது, அவ்வளவுதான். ஆற்றுச் சூழலியலில் இதைவிட மலிவான மருத்துவம் இருக்குமா தெரியவில்லை.

இந்தச் சிந்தனைக்கு ஒரு கோட்பாட்டுப் பின்புலம் உண்டு. 1997இல் லெராய் போஃப் ஏழு சகாக்களுடன் எழுதிய ஒரு கட்டுரை, ஆற்றின் ஓட்டத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தது: நீரின் அளவு, ஒரு வெள்ளம் எத்தனை முறை வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்தப் பருவத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் ஏறி இறங்குகிறது. பொறியாளரின் கணக்குப் புத்தகத்தில் முதல் கூறுக்குத்தான் எப்போதும் முதலிடம். மீனுக்கோ மற்ற நான்கும் உயிர்நிலை. ஒவ்வோர் இனமும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் ஆற்றின் தாளத்துக்குத் தன் வாழ்க்கையைப் பொருத்திக்கொண்டிருக்கிறது. தாளம் மாறினால், அந்தப் புதிய தாளம் எந்த மீனுக்குப் பழக்கமோ அந்த மீன் வந்து உட்காருகிறது. ஆற்றை வெற்றிடமாக வைத்திருக்க இயற்கைக்குத் தெரியாது.

பருவம் தவறினால் நல்லதும் கெடும் என்பதற்குக் கொலராடோவிலேயே ஒரு பாடம் உண்டு. அரித்துப்போன மணல்திட்டுகளை மீட்க 1996 மார்ச் இறுதியில் முதன்முறையாகச் செயற்கை வெள்ளம் விட்டார்கள். விநாடிக்கு 45,000 கனஅடி, ஏழு நாள். இத்தகைய வெள்ளங்கள் பிறகும் பலமுறை நடந்தன. 2008 மார்ச்சில் விட்ட வெள்ளம் மணலை நன்றாகத்தான் ஏற்றியது. ஆனால் அது ஆற்றடிக் கற்களைக் கழுவிவிட்டதில், அடுத்துப் பொரிந்து வந்த டிரௌட் குஞ்சுகளுக்கு நல்ல இடமும் இரையும் வாய்த்தன. அவை வழக்கத்தைவிட மிகுதியாகப் பிழைத்தன. டிரௌட் பெருகினால் சப்புக்கு ஆபத்து. நதியின் பழைய வெள்ளம் மே, ஜூனில் வந்தது. அந்நிய மீனின் குஞ்சுப் பருவத்தை ஒட்டிய மார்ச்சில் அன்று. பிந்தைய வெள்ளங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்துக்கு மாறின. கோடை மழையில் துணையாறுகள் கொண்டுவரும் மணலைப் பயன்படுத்திக்கொள்வது அதற்கு முதற்காரணம். சொந்த மீன்களுக்கும் அது இடைஞ்சல் குறைந்த பருவம்.

2000க்குப் பின் ஏரி இறங்க, கீழே நீர் சற்று வெதுவெதுப்பாயிற்று. சப் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில், முன்பு அதைக் காண முடியாத இடங்களிலும் குஞ்சுகள் தென்பட்டன. 2021 அக்டோபரில் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்ற நிலைக்கு மாற்றியது. பல பத்தாண்டு உழைப்பின் பலன் அது. அடுத்த கோடையில்தான் பாஸ் குஞ்சுகள் வலையில் விழுந்தன. கொலராடோவின் மேற்பகுதியில் சப்பையும் பைக்மின்னோவையும் வேட்டையாடித் தேய்த்த அதே இனம்.

2024 ஜூலை முதல் நவம்பர் வரை, அணையில் மின்நிலையக் குழாய்வாய்களுக்குக் கீழே உள்ள கிளைக்குழாய்கள் வழியே ஆழத்துக் குளிர்நீரைக் கலந்து விட்டு, ஆற்றை 15.5 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க முயன்றார்கள். பாஸ் முட்டையிடத் தயங்கும் சூடு அது. கிளைக்குழாயில் போகும் நீர் விசையாழியைச் சுற்றாது. அந்த மின்சாரத்தை வேறிடத்தில் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு மீன் பெருகாமலிருக்கக் குளிரும், இன்னொரு மீன் வாழச் சூடும் தேவைப்படும் இந்த நெருக்கடி, ஆற்றை ஒருமுறை நம் கைக்குள் எடுத்துக்கொண்டபின் அதன் ஒவ்வொரு டிகிரிக்கும் நாமே பொறுப்பு என்ற நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மனம் தளர வைக்கும் கதை இது. அதே அமெரிக்காவில் மனம் தேற்றும் கதையும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரை ஒட்டி ஓடும் புட்டா சிற்றாற்றின் குறுக்கே 1957இல் மான்டிசெல்லோ அணை எழுந்தது. நீரில் பெரும்பகுதி பாசனத்துக்கும் ஊர்களுக்கும் திருப்பப்பட்டது. 1989 வறட்சியில் கீழாறு மைல்கணக்கில் காய்ந்தது. ஊர்மக்கள் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. பக்கத்திலேயே இருந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் டேவிஸ் நகராட்சியும் சேர்ந்துகொண்டன. 2000இல் சமரச உடன்பாடு ஏற்பட்டது. அந்த உடன்பாட்டின் தனிச்சிறப்பு, நீர் விடும் அட்டவணையை எழுதியபோது மீனின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டதுதான். மீனியலாளர் பீட்டர் மாயில் அந்த ஆற்றின் மீன்களைப் பல்லாண்டுகள் எண்ணி வந்தவர்.

சொந்த மீன்கள் இளவேனிலின் தொடக்கத்தில், நீர் குளிர்ந்து வேகமாக ஓடும்போது முட்டையிடுபவை. அந்நிய பாஸும் சன்ஃபிஷும் கெண்டையும் கோடையில், நீர் சூடேறித் தேங்கியபின் முட்டையிடுபவை. எனவே பிப்ரவரி, மார்ச்சில் மூன்று நாள் வெள்ளமும் அதைத் தொடர்ந்து ஒரு மாதம் கூடுதல் ஓட்டமும் விடவேண்டும் என்று எழுதினார்கள். ஆண்டு முழுவதும் ஆறு அறுபடாமல் ஓடக் குறைந்தபட்ச நீர், இலையுதிர் கால இறுதியில் சால்மனை அழைக்க ஒரு சிறு வெள்ளம். பலன் 2012இல் வெளியான ஆய்வில் தெரிந்தது: இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் சொந்த மீன்கள் மறுபடி பெரும்பான்மையாயின. அந்நிய மீனைப் பிடித்து அகற்றவில்லை, நஞ்சிடவில்லை. விட்ட கூடுதல் நீரும் மிகக் குறைவு. அதைச் சரியான நாளில் விட்டார்கள். பின்னாளில் சினூக் சால்மன் நூற்றுக்கணக்கில் ஏறி வந்தன.

அமெரிக்க மேற்கின் ஆறுகளின் கணக்கு இது. பருவமழை ஆறுகளின் கணக்கு இன்னும் அகலமானது. கம்போடியாவின் டோன்லே சாப் ஏரி கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் மீகாங் ஆறு பொங்கி, ஏரியிலிருந்து வரும் ஆற்றையே பின்னோக்கி ஓடவைக்கும்போது அது ஐந்து மடங்குக்கு மேல் விரிகிறது. நீரில் மூழ்கிய காட்டுக்குள் மீன்குஞ்சுகள் மேய்கின்றன. வெள்ளம் வடியும்போது கொழுத்த மீன்கள் திரளாக ஆற்றுக்குத் திரும்புகின்றன. பிரம்மாண்டமான பைவலைகள் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன. முழுநிலவுக்கு முந்திய சில நாட்களில் பாடு உச்சத்துக்குப் போகும். 2019இல் வெள்ளம் பிந்தியும் குறைந்தும் வந்தது. வறட்சியும் மேலே எழுந்த அணைகளும் சேர்ந்து காரணமாகப் பேசப்பட்டன. வெள்ளம் பிந்திய ஒவ்வொரு வாரமும் குஞ்சுக்குக் காட்டு மேய்ச்சல் ஒரு வாரம் குறைகிறது. கோடிக்கணக்கானவர்களின் தட்டில் அது எதிரொலிக்கிறது.

காவிரி இந்த வகை ஆறு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் வரும் புதுவெள்ளம்தான் அதன் மீன்களுக்கு நாள்காட்டி. வெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறுவதையும், கரையோரத் தாழ்நிலங்களில் நீர் பரவியதும் கெண்டை இனங்கள் முட்டையிடுவதையும் ஆற்றோர ஊர்களில் அறியாதவர் இல்லை. கடலிலிருந்து உல்லமும் ஏறி வந்தது. வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடப்படும் மீன்தான் அது. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும் கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டியபின், ஏறிவரும் உல்லம் கீழணையில் முட்டி நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறை அங்கேயே முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவைத்து ஆற்றில் விட முயன்றது, பி. சுந்தரராஜ் 1917இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் தேக்கம் வெள்ளத்தின் முதல் வீச்சை வாங்கிக்கொண்டது. கடலுக்குப் போகும் நன்னீரின் அழைப்பு குறைய, காவிரியின் உல்ல மீன்பாடு நொடித்துப்போயிற்று. சுவர் மட்டும் தடையாக இருந்தவரை ஓரளவு தாக்குப்பிடித்த மீன், ஓட்டமும் மாறியபின் தாங்கவில்லை.

காவிரிக்கும் ஒரு திமில் மீன் உண்டு. சிவசமுத்திரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே பாறை மடுக்களில் வாழும் திமில் மஹ்சீர். 1946இல் கபினியில் ஒருவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. 1873 முதல் தூண்டில்காரர்களின் நூல்களில் புகழப்பட்டும், அதற்குச் சரியான அறிவியல் பெயர் 2018 வரை உறுதியாகவில்லை. அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியே இது என்று ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் அப்போது நிறுவினார்கள். அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் அழிவின் விளிம்பு கிடைத்ததும் ஒரே சமயத்தில்.

பிண்டர் குழு காவிரியில் ஒரு தூண்டில் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான குறிப்பேடுகளை அலசியது. 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மஹ்சீர். மொத்தப் பிடிப்பு குறையவில்லை, கூடியது. உள்ளே பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வேறு ஆற்றுப் படுகையிலிருந்து பொரிப்பகம் வழியே வந்து காவிரியில் விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருந்தது. திமில் மீன் தேய்ந்துகொண்டே போயிருந்தது. இதற்கு ஓட்டத்தின் மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. அந்நிய மீனும் வெடிவைத்துப் பிடிப்பதும் மணல் அள்ளுவதும் உடன் நிற்கின்றன. ஆனால் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் ஹேமாவதியும் ஹாரங்கியும் புதுவெள்ளத்தைத் தேக்கிய ஆற்றில், அந்த வெள்ளத்தை நம்பி வாழும் மீனின் கை தாழ்ந்தே இருக்கும். புட்டா சிற்றாறு காட்டியது இதன் மறுபக்கத்தைத்தான்.

காவிரி வழக்கில் மீனுக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. 2007 பிப்ரவரியில் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4 டி.எம்.சி. என்று ஒதுக்கியது. மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லாத அந்த 10 டி.எம்.சி.யைச் சிறிது என்று வருந்தலாம். அது நியாயமான வருத்தம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒன்றுமில்லாததும் அன்று. ஒரு டி.எம்.சி. என்பது ஒரு நாள் முழுக்க விநாடிக்குச் சுமார் 11,570 கனஅடி. பத்து டி.எம்.சி. பத்து நாள் வெள்ளம். அல்லது நூறு நாளுக்கு 1,157 கனஅடி ஓட்டம். எந்தப் பத்து நாள் என்பதுதான் கேள்வி. தீர்ப்பு மாதவாரி அளவு சொல்கிறது. மீனுக்கு மாதம் பெரிய அலகு.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திருத்தியபின், கர்நாடகம் மாநில எல்லையில் நீர் அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று அட்டவணை போகிறது. திமில் மஹ்சீர் பிழைத்திருக்கும் பள்ளத்தாக்கு மேலேயுள்ள கர்நாடக அணைகளுக்கும் பிலிகுண்டுலுவுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அதாவது அதன் உடலை நனைத்துப் போகும் தண்ணீர் எப்படியும் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய தண்ணீர். ஜூன், ஜூலைப் பங்கில் ஒரு பகுதியை, குடகில் முதல் மழை இறங்கும் நாட்களில் சில நாள் வெள்ளமாகச் சேர்த்து விட்டால், அந்த மாதத்தின் கணக்கு மாறாது. எந்த விவசாயியின் வயலுக்கும் ஒரு சொட்டும் குறையாது. வெள்ளம் முடிந்தபின் மதகை ஒரே இரவில் இறக்காமல் சில நாட்களில் படிப்படியாக இறக்கினால், கரையோர ஆழமற்ற நீரில் இட்ட முட்டையும் குஞ்சும் காயாமல் மடுவுக்கு இறங்க நேரம் கிடைக்கும். அதற்கும் கூடுதல் தண்ணீர் வேண்டாம்.

மாத அளவைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து விட வேண்டும் என்று நடுவர் மன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தப் பத்து நாள் கணக்கு காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் மேசையில் எழுதப்படுகிறது. அங்கே பாசனப் பொறியாளர்களும் நீரியல் அளவையாளர்களும் உட்காருகிறார்கள். மீனியல் தெரிந்த ஒருவர் ஜூன் பிறப்பதற்கு முன்பே அந்த மேசைக்கு வந்து, எந்த நாட்களில் எத்தனை ஆயிரம் கனஅடி, எத்தனை நாளில் இறக்கம் என்று எழுதித் தர வேண்டும். அந்தத் தண்ணீர் மடுக்களை நனைத்து, பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, தமிழ்நாட்டின் கணக்கில் ஏறி, மேட்டூரில் வந்து நிற்கும்.